படத்தில் தேநீர் குடித்த மகன்

பிள்ளைகளே, அந்நாளில் அரசாங்கத்தின் பட வேன் கல்முனைக்கு வந்தால், கடற்கரையில் வெள்ளைத்துணி கட்டி விவரணப் படங்கள் காட்டுவார்கள். துணிக்கு முன்னால் ஆண்கள் இருப்போம். பின்னால் இருக்கும் பெண்களுக்குப் படம் இடம் வலம் மாறித் தெரியும்.

அங்கேதான் அந்த மீனவரைக் கண்டேன். நெட்டையான மனிதர், ஓரிடத்தில் இருக்கமாட்டார். "பாட்டுப் படத்துல அழுறவன் காசுக்கு அழுறான். இதுல சிரிக்கிறவன் மெய்யாச் சிரிக்கான். பாக்கிறண்டா இதத்தான் பாக்கணும்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிவார்.

அன்று பொத்துவில் கரைவலைப் படம் ஓடியது. வலையருகே ஒருவன் சிரித்தபடி தேநீர் குடித்தான்.

"தம்பி, அந்தா என்ட மகன்!" என்று என் தோளை உலுக்கினார். அவரோடு கோபித்துப் போன மகனாம். இருக்குமிடமே தெரியாதாம்.

துணிக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கத்தினார்: "அது நம்மட புள்ள இல்ல! இடக்கையால குடிக்கான். நான் அப்புடியா வளத்த?"

அவர் தவித்துப்போனார். "படக்காரத் தம்பி, இன்னொருக்காப் போடுங்க. நாம அங்கால போவம், பொண்டுகள் இங்கால வரட்டும்."

"காக்காக்கு விசர்!" என்று, அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்ததாக முணுமுணுத்தபடி எல்லோரும் எழும்பி இடம் மாறினோம். படம் மறுபடி ஓடியது. இப்போது துணிக்கு முன்னாலிருந்து அவர் மனைவி கத்தினார்:

"ஓம், இவன்தான்! அல்லாஹ், மெலிஞ்சி போனானே! விடிஞ்சதும் போய்க் கூட்டி வாங்க!"

அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "போறன் தம்பி. என்னக் கண்டா இப்புடிச் சிரிப்பானா?"

பிள்ளைகளே, உங்களை ஏசிவிட்டுப் படுக்கும் நாட்களில், அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடுவதில்லை.