முகம் தெரியாத இடுப்புக்கு ஓர் ஏப்ரன்

“வித்தது தெரியுது, யார் மேல ஏறுச்சுன்னு தெரியலையே! பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு மாப்பிள்ளை மூஞ்சியே பாக்காத மாதிரி இருக்கு.”

தினமும் போன் ‘டிங்’ என்றதும் மாடிவீட்டு டெய்லரக்கா இதைத்தான் சொல்வார். வாயில் குண்டூசி இருந்தாலும் சொல்வார்.

அக்கா தைப்பது ஏப்ரன். சமைக்கும்போது உடுப்பில் கறை படாமல் முன்னால் கட்டிக்கொள்வது. வாங்குகிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டில். தைத்ததை மடித்து, கவரில் போட்டு, கோடு கோடாக இருக்கும் ஸ்டிக்கரை ஒட்டி, ஆன்லைன் கம்பெனியின் வெளிநாட்டுக் குடோனுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பிவிடுவார். அங்கே யாராவது ஆர்டர் போட்டால் குடோன்காரர்களே எடுத்துக் கட்டி, வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு வந்து சேர்வது ஒரு டிங்கும் ஓர் ஊர்ப்பெயரும்தான். அந்தப் பெயரை அவர் வாசிக்கிற அழகைக் கேட்டால் அந்த ஊர்க்காரர்களே வீட்டைக் காலி பண்ணிவிடுவார்கள்.

முன்பு கடை வைத்திருந்தவர். அளவெடுத்து, தைத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றவிட்டு, “இப்பத்தான் பாக்குற மாதிரி இருக்கே” என்று சொன்னால்தான் அவருக்கு வேலை முடிந்ததாகக் கணக்கு. முட்டிவலி வந்து கடையை மூடினார். வெளிநாட்டு வியாபாரம் நன்றாகவே நடக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கடைக் கண்ணாடி இன்னும் ஹாலில்தான் நிற்கிறது. எதிரில் நிற்க ஆளில்லை. டீத்தூள் கேட்டு மாடியேறினால் என்னைப் பிடித்து நிறுத்திவிடுவார்.

“ஏம்மா, போன மாசத்துக்கு இப்ப இடுப்பு ஒரு விரக்கடை கூடியிருக்கே?”

“அளவெடுக்கக் கூப்பிட்டீங்களா, அவமானப்படுத்தக் கூப்பிட்டீங்களா?”

“ரெண்டும் ஃப்ரீதான், நில்லு.”

போன வருஷம் ஒரு காரியம் செய்தார். எந்த டெய்லரும் செய்யக்கூடியதுதான். ஒவ்வொரு ஏப்ரன் பாக்கெட்டிலும் ஒரு துண்டுச்சீட்டு வைத்தார். மகளிடம் சொல்லி இங்கிலீஷில் எழுதி வாங்கியது: ‘இதைக் கட்டிக்கொண்டு இரண்டு போட்டோ அனுப்புங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.’ கயிறு எப்படி உட்கார்கிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். வாங்கிய புண்ணியவான் ஒருவர், யாரோ தன்னை அசிங்கமாகப் போட்டோ கேட்பதாகக் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார். வாடிக்கையாளரோடு பேச்சுவார்த்தையே கூடாது என்று கம்பெனி அக்காவின் கணக்கை முடக்கிவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் கெஞ்சிக் கூத்தாடித்தான் அதைத் திறக்க வைத்தார்.

“ஏன்டி, உனக்கு இந்த வயசுல போட்டோ ஒரு கேடா?”

“நான் என்ன துணியில்லாமலா கேட்டேன்? துணியோடதானே கேட்டேன்!”

அதோடு சீட்டு நின்றது. மனசு நிற்கவில்லை.

வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பியதை அங்கேயே அழிக்கவா, உங்களுக்கு அனுப்பவா என்று குடோனில் கேட்பார்கள். கப்பல் கூலிக்கு அஞ்சி எல்லாரும் அழிக்கத்தான் சொல்வார்கள். அக்கா மட்டும் அனுப்பச் சொல்வார். “யாராவது ஒருத்தி கட்டிப் பாத்துட்டுத் திருப்பியிருக்க மாட்டாளா?”

போன வாரம் அப்படி ஒரு பெட்டி வந்தது. நானும் உடன் இருந்தேன். கவர் பிரிக்காதது, மடிப்புக் கலையாதது என்று ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டார். போடப் போட முகம் தொங்கிப்போனது. அடியில் ஒன்று மட்டும் கசங்கிக் கிடந்தது. மாரில் மாவு அப்பியிருந்தது. பின்கயிறு முடிச்சோடு இருந்தது. கட்டியவள் அவிழ்க்கப் பொறுமையில்லாமல் தலைவழியே உருவியிருக்கிறாள்.

அக்கா முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

“கயிறு பத்தல பாரு. நுனியப் புடிச்சுக் கட்டியிருக்கா. நல்ல உடம்புக்காரி. பாவி, எம்புட்டு இழுத்திருப்பா!”

“அவுத்துத் தொவச்சுப் போடு, வித்துடலாம்” என்றார் வீட்டுக்காரர்.

“கைய வச்சீங்க, தெரியும் சேதி!” என்றவர், என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. “இவளுக்கு ஒரு முழம் கயிறு கூட வச்சு ஒண்ணு தச்சு அனுப்பணும்மா. ஆனா யாருன்னு அனுப்புவேன்?”

பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன்; கோடு கோடான ஸ்டிக்கர்தான் இருந்தது, பெயர் இல்லை.

அக்கா முடிச்சை அவிழ்க்காமலே அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டார். ஒல்லி உடம்பு. கயிறு இடுப்பைச் சுற்றித் தொளதொளவென்று தொங்கியது. அது சரிந்துவிடாமல் இரண்டு கையாலும் வெளியே இழுத்துப் பிடித்தபடி, தன் உடம்புக்கும் கயிற்றுக்கும் நடுவில் இன்னொருத்தி நிற்பது போல அசையாமல் நின்றார்.

எங்கள் தெருவில் படிக்கட்டு முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும் வீடு. அந்தப் பக்கம் வந்தால் ஒரு எட்டு மேலே ஏறிப் பாருங்கள். ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவர் கண் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.