வாசல் மேஜை ஸ்டெர்யோஸ்

வெளியே போய்க்கொண்டிருந்தவரின் முழங்கையைத் தொட்டும் தொடாமலும் பிடித்து நிறுத்திவிட்டார் ஸ்டெர்யோஸ்.

"ஐயா, ஒரு நிமிஷம். வாங்கச் சொல்லிக் கூப்பிடலை. ஏன் வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அந்த மனிதர் திருட்டுப் பட்டம் கட்டப் போகிறார்களோ என்று பயந்து பையை இறுக்கிக்கொண்டார். "எது வேண்டாம்னு?"

"இந்த டேப்லெட்தான். கையில எடுத்தீங்க, விரலால ரெண்டு தள்ளு தள்ளினீங்க, வெச்சிட்டீங்க. ஏன்?"

"சும்மா பாத்தேன்பா."

"சும்மா வைக்கிறதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல?"

கிரேக்க நாட்டு லாரிசா நகரின் கடைத்தெருவில் உள்ள அசிமினா அம்மாளின் மின்சாதனக் கடையிலிருந்து இந்த விசாரணைக்குத் தப்பி வெளியே வந்தவர்கள் குறைவு. குளிர்பெட்டி வாங்க வந்தவர், பேட்டரி வாங்க வந்தவர், வெயிலுக்கு ஒதுங்கியவர் எல்லாரும் வாசலை ஒட்டிக் கிடக்கும் டேப்லெட் மேஜையைக் கடந்துதான் ஆகவேண்டும். மேஜைக்குப் பின்னால் ஸ்டெர்யோஸ் நிற்பார். நல்ல உயரம், லேசான கூன், கையில்லாத நீல மேலங்கி, அதன் பையில் ஒரு மஞ்சள் துடைதுணி. விற்பனையாளர் என்றுதான் பெயர். ஆனால் விற்பதைவிட விசாரிப்பதில்தான் மனிதருக்கு ருசி அதிகம்.

காலையில் எள் தூவிய வளைய ரொட்டியை வாசலுக்கு வெளியே நின்று, முன்பக்கம் குனிந்து தின்பார். ஒரு எள் மேஜையில் விழுந்துவிடக் கூடாதாம். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொரு திரையாகத் துடைப்பார். முந்தின நாள் வியாபாரம் எப்படி என்று கல்லாப்பெட்டியைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதில்லை. திரையில் பதிந்த விரல் அடையாளங்களைப் பார்த்துச் சொல்லிவிடுவார். "இது சின்னப் பிள்ளை, சாக்லேட் தின்னிருக்கு. இது யாரோ கை வேலைக்காரர், தடிச்ச விரல்." இப்போதெல்லாம் திரைகள் சுத்தமாகவே இருக்கின்றன. ஆனாலும் துடைக்கிறார். துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அழுக்கே இல்லாததைக் கண்டு முகம் சுருங்குகிறார்.

அந்த மேஜைக்கும் ஒரு ராஜயோகம் அடித்த காலம் உண்டு. கொரோனா நாட்களில் கடைக்குள் யாரும் வரக்கூடாது என்று உத்தரவு. வாசலுக்குக் குறுக்கே இந்த மேஜையைப் போட்டு, அதன் மேல் வைத்துத்தான் பெட்டிகளை நீட்டினார்கள். பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டதால் ஊரே டேப்லெட் கேட்டது. வரிசை தெருமுனை மருந்துக்கடை வரை நின்றது. முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்களை வைத்தே ஆளை அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நலம் விசாரித்துக் கொடுத்தவர் ஸ்டெர்யோஸ்தான். நாள் முழுக்க மனித முகத்தையே பார்க்காதவர்கள் அவரிடம் வந்துதான் வாய் திறந்து பேசினார்கள். உத்தரவு போன பிறகு மேஜையை வாசலிலிருந்து கொஞ்சம் ஒதுக்கிப் போட்டார்களே தவிர, அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போது அதே இடத்தில் நின்று ஈ ஓட்டுகிறார். ஓட்டிக்கொண்டே யோசிக்கிறார். அன்றைக்கு அப்படி அடித்துப் பிடித்து வாங்கினார்களே, அந்த ஜனங்கள் எல்லாம் எங்கே போனார்கள்? ஏன் திரும்பி வரவில்லை?

கேட்டால் பதில் கிடைக்காமலா போகும்? மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் சொன்னார்: "அன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு வாங்கினேன். இப்ப மூணும் அலமாரில ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்குது. எழுப்பினா எழுந்துக்குது, ஆனா எழுப்பத்தான் ஆளில்லை." கைப்பையிலிருந்து தட்டு அளவுக்கு இருந்த போனை எடுத்துக் காட்டினாள் ஒரு பெண். "அண்ணே, இதுவே என் முகத்தை விடப் பெருசு. இன்னும் பெருசு எதுக்கு?" புது டேப்லெட்டில் கேமரா பிரமாதம் என்று ஒருவரிடம் அவர் ஆரம்பித்தபோது, "பலகையைத் தூக்கிப் பிடிச்சுப் போட்டோ எடுக்கிறது எங்க மாமியா ஒருத்திதான்" என்று சொல்லி அந்த ஆள் நழுவிவிட்டார்.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஸீசிஸ் தன் பழைய டேப்லெட்டைக் கையோடு கொண்டுவந்தார், மின்னூட்டக் கம்பி மட்டும் வாங்குவதற்கு. திரையில் மூலைக்கு மூலை விரிசல்.

"இதை மாத்திடுங்களேன், ஸீசிஸ் அண்ணே. கண்ணு வலிக்காதா?"

"டேய், ஜெர்மனில, ஸ்டுட்கார்ட்ல இருக்கிற என் மக, பிள்ளை பெத்த கையோட இதுலதான்டா காட்டினா. அது நடக்கப் பழகினதையும் இதுலதான் பாத்தேன். நேத்துக்கூட பேசினோம். நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்குடா மாத்தணும்?"

கோயிலில் கீதம் பாடும் பொலிவியோஸிடமும் கேட்டுவிட்டார். பாட்டு ஏடுகளை எல்லாம் டேப்லெட்டில் ஏற்றி, பீடத்தில் சாய்த்துவைத்துப் பாடுகிறவர் அவர். "நான் பாடுற பாட்டு நூத்துக்கணக்கான வருஷமா மாறலை. அதைக் காட்டுற பலகை மட்டும் வருஷா வருஷம் மாறணுமாக்கும்!" என்று அந்தக் கணீர்க் குரலில் அவர் போட்ட போட்டில், சலவை இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தப் பதில்களை எல்லாம் ஸ்டெர்யோஸ் சுடச்சுடக் கல்லாவுக்குக் கொண்டுபோய் ஒப்பிப்பார். "அக்கா, இன்னிக்கு ஒண்ணு கெடைச்சது பாருங்க..." அசிமினா அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "காரணமா கொண்டுவர்றியே, ஒரு நாளைக்கு ஆளைக் கொண்டு வாயேன்."

நோன்புக் காலத்தின் நடுவில் ஒருநாள் அந்த அம்மாள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். ஈஸ்டர் முடிந்ததும் வாசலில் ஏர் ஃப்ரையர் வைக்கப் போகிறார்கள். டேப்லெட்டெல்லாம் சுவரோரக் கண்ணாடி அலமாரிக்குள். ஸ்டெர்யோஸ் அடித்தளத்துக்கு, இணையத்தில் வாங்கியவர்களுக்குப் பொட்டலம் எடுத்துக் கொடுக்க.

"கீழேயா? அக்கா, கீழ வர்றவன் பேசவே மாட்டான். போன்ல நம்பரைக் காட்டுவான், பெட்டியை வாங்குவான், போயிடுவான். அங்க போய் நான் சுவத்துக்கிட்டயா பேசறது?"

"சம்பளம் அதேதான்டா."

"சம்பளத்தையா கேட்டேன்?"

கல்யாணமாகாத மனிதர். வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு தொலைக்காட்சி. அந்த வாசல் மேஜை போய்விட்டால் நாள் முழுக்கப் பேச அவருக்கு ஒரு ஜீவன் இருக்காது. அது அந்த அம்மாளுக்கும் தெரியும். மனசு கேட்கவில்லை. "சரி, ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை கடை சாத்துறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வித்துக் காட்டு. மேஜை கோடை முடியிற வரைக்கும் இங்கயே கிடக்கட்டும்" என்று இறங்கி வந்தார்.

ஒன்றுதானே! ஸ்டெர்யோஸுக்கு மூளை மளமளவென்று வேலை செய்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத் தகப்பன்மார்கள், ஈஸ்டர் இரவு ஆராதனைக்குப் பிடித்துப் போக அந்தப் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி கொடுத்தாக வேண்டும். வெறும் மெழுகுவர்த்தியைக் கொடுத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதோடு பொம்மையோ பந்தோ செருப்போ கட்டியிருக்க வேண்டும். டேப்லெட்டைக் கட்டினால் என்ன? அழகான, நீளமான, நிறநிறமான மெழுகுவர்த்திகளை வாங்கிவந்து, மேஜையிலிருந்த ஒவ்வொரு டேப்லெட் பெட்டியோடும் ஒன்றைச் சேர்த்து நாடாவால் கட்டினார். கட்டாயக் கடற்படைச் சேவையில் கப்பலில் கற்ற முடிச்சு. இழுத்தால் இன்னும் இறுகுமே தவிர அவிழாது. எல்லாவற்றையும் கண்ணாடி வாசலோரம் நிமிர்த்தி நிறுத்தினார். பார்க்க ஒரு குட்டி ஊர்வலம்தான்.

வந்தது பாருங்கள் வெயில்! லாரிசா வெயில் நோன்பு, பண்டிகை எதுவும் பார்க்காது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தின் திங்கட்கிழமை மெழுகுவர்த்திகள் லேசாக வளைந்தன. புதன்கிழமைக்குள் அத்தனையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டிகளின் மேல் கவிழ்ந்துவிட்டன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்க்கடைச் செருப்புக்காரன் வாசலிலிருந்தே கத்தினான்: "ஸ்டெர்யோ, என்னப்பா இது, எல்லாரும் குனிஞ்சு நிக்கிறாங்க? உள்ள யாரு செத்தது?"

கூட்டம் வந்தது என்னவோ உண்மை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "மெழுகுவர்த்தி நல்லா இருக்கு. அதை மட்டும் அவுத்துக் குடேன். வீட்டுக்குப் போய் நிமித்திக்கிறேன்."

"அவுக்க முடியாது. சேத்துத்தான்."

"ஏன் அவுக்க முடியாது?"

கேள்வி தன் பக்கம் திரும்பும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. துடைதுணியை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் போகவில்லை. அப்போது ஒரு யோசனை வந்தது அவருக்கு. ரினியோ இருக்கிறாளே! அவர் கையில் ஏந்தி நிற்க ஞானஸ்நானம் பெற்ற பெண். இப்போது பதினைந்து வயது. அவளுக்குத் தானே ஒன்றை வாங்கிக் கொடுத்தால் என்ன? அவள் சின்னவளாக இருக்கும்போது முதல் டேப்லெட்டும் அவர்தானே வாங்கிக் கொடுத்தார்? அசிமினா அம்மாளிடம் கேட்டார். "யார் வாங்கினா எனக்கென்ன, வித்தா சரி" என்று சிரித்தார் அந்த அம்மாள். ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் ஏற்றியதில் அவர் விரல் நுனியெல்லாம் சிவப்பாக இருந்தது. அன்று இரவு ஸ்டெர்யோஸ் நிம்மதியாகத் தூங்கினார்.

பெரிய சனிக்கிழமை கடை சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் ரினியோ வந்தாள். காலை ஆராதனையில் பாதிரியார் வாரி இறைத்த பிரிஞ்சி இலை ஒன்று இன்னும் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்தது.

"நோனோ!" என்று கட்டிக்கொண்டாள். ஞானத் தகப்பனை அங்கே பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும்.

ஸ்டெர்யோஸ் மேஜையில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து, வளைந்த நீல மெழுகுவர்த்தியோடு அவள் கையில் கொடுத்தார். "இந்தா, உனக்குத்தான்."

"ஐ, ரொம்ப அழகா இருக்கு, நோனோ. ரொம்ப தேங்க்ஸ்."

அவ்வளவுதான். விஷயம் முடிந்தது. கல்லாவில் அசிமினா அம்மாள் பில் போட விரலைத் தூக்கியாயிற்று. ஸ்டெர்யோஸ் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மேஜை பிழைத்திருக்கும். ஆனால் பாழாய்ப்போன கண் சும்மா இருக்கிறதா? பெண் மெழுகுவர்த்தியைத் தடவிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜையில் ஒளிர்ந்துகொண்டிருந்த திரைகளில் ஒன்றையும் அவள் விரல் தொடவில்லை. அவருக்கு நாக்கு நுனியில் அரிக்க ஆரம்பித்துவிட்டது. அடக்கிப் பார்த்தார். துடைதுணியை இறுக்கிப் பிடித்தார். முடியவில்லை.

"ரினியோ... நெசமாச் சொல்லு. உனக்கு இது வேணுமா?"

"வேணும், நோனோ."

"பின்ன ஏன் தொட்டுக்கூடப் பாக்கலை?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் பேசாம வாங்கிக்கன்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க."

"அம்மா கிடக்கட்டும். நான் கேக்கிறேன். ஏன் வேண்டாம்?"

"நீங்க கொடுத்த பழசு இன்னும் நல்லாத்தான் இருக்கு, நோனோ. அம்மா அதை அடுப்புப் பக்கத்துல வெச்சு, பாத்துப் பாத்துச் சமைக்கிறாங்க. எனக்குப் போன் போதும், பாடத்துக்கு மடிக்கணினி இருக்கு. இதைக் கொண்டுபோனா பெட்டியைக்கூடப் பிரிக்காம வெச்சிடுவேன். ஆனா நீங்க ஆசையாக் குடுத்ததாச்சே... அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமா இருக்கும்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "நீங்க வீட்டுல எது வெச்சிருக்கீங்க, நோனோ?"

ஸ்டெர்யோஸ் வீட்டில் இருப்பது முதன்முதலில் அந்தக் கடைக்கு வந்த சரக்கு. உறை கிழிந்துபோய் ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார். இரவு சாப்பிடும்போது அதில்தான் மீன் பிடிக்கிற காட்சிகள் பார்ப்பார். மாற்ற வேண்டும் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. ஊரெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்ட மனிதர், இந்த ஒரு ஆளை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறார்!

"அது... இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ரினியோவும் சேர்ந்துகொண்டாள். சிரித்து முடித்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பால் மட்டும் வந்ததல்ல.

"ஸ்டெர்யோ" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது. "பில்லு போடவா?"

அவர் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். கடைசியில் நாடா தளர்ந்தது. மெழுகுவர்த்தியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினார். கைச்சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அப்படி ஒன்றும் அம்பு போல நேராகிவிடவில்லை. பிடித்துக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான்.

"வேற என்ன கட்டணும்னு யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு வீட்டுக்கு வர்றேன், ஆட்டுக்கறியில எனக்கு ஒரு பங்கு வைக்கச் சொல்லு உங்கம்மாவை" என்று சொல்லி மெழுகுவர்த்தியை அவள் கையில் கொடுத்து, தலைமுடியில் இருந்த இலையை எடுத்துவிட்டு அனுப்பினார்.

அவள் தெருவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மேஜையில் ஒரு சொட்டு நீல மெழுகு உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி, ஊதிவிட்டு, துணியால் ஒரு துடை துடைத்தார். பிறகு மேஜையின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கியபடி, மறுமுனைக்கு வரச்சொல்லி அசிமினா அம்மாளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.