இராசநாயகம் பிறேக் ஒயில் மாற்றிய கதை

அச்சுவேலியில் வாடகை வான் ஓட்டுகிற இராசநாயகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடைக்காது. இருபத்திரண்டு வருட ஓட்டத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சைக் காதில் விழாதவர் போல நின்று முழுதாகக் கேட்பது அவருக்கு மிகவும் பிடிக்கும். வெங்காயத் தோட்டம் ஒன்றும் இருந்தது. ஆனால் மனம் கிடந்தது அந்த வெள்ளை ஹயேஸ் வானில்தான்.

அப்பேர்ப்பட்ட மனுசன் பிறேக் ஒயிலை மட்டும் ஒருநாளும் மாற்றியதில்லை. குறைந்தால் கொஞ்சம் விடுவார், அவ்வளவுதான். அதற்கென்று அலுமாரியில் ஒரு போத்தல் இருந்தது, மூடி திறந்து நாலு வருடம். போர் நேரம் கடையில் ஒன்றுமே கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தைக் கண்டவர். பாதிப் போத்தலை எறி என்றால் கை வராது. தெருவும் அவருக்குத் துணைபோனது. கொடிகாமம் போனாலென்ன, நெல்லியடி போனாலென்ன, ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. பிறேக் சூடேற வழியே இல்லாத ஊரில் பழைய ஒயிலுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? அதற்கு மலை வேண்டும்.

மலை போன ஆவணியில் வந்தது. மெதடிஸ்த கோயில் பாடகர் குழுவை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போயிருந்தார். பதின்மூன்று பேர். தலைவி வினிபிரட் ரீச்சர், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. திரும்பி இறங்கும்போது றம்பொடை வளைவில் பிறேக் பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. மறுபடி மிதித்தார், அடியில் போய் முட்டியது. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை இழுத்து, அருவிக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையோரம் எப்படியோ நிறுத்திவிட்டார். பின்னாலிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அருவி காட்டத்தான் நிறுத்தினார், நல்ல மனுசன் என்று இறங்கி நின்று கீர்த்தனை பாடினார்கள். நல்ல மனுசன் சில்லடியில் குந்தியிருந்து வான் உருளாமல் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணித்தியாலத்தில் சூடு ஆறிப் பெடல் திரும்பி வந்தது. கம்பளையில் ஒரு கராஜ்காரர் ஒயிலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். பிறேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்குமாம். திறந்த போத்தல் என்றால் இன்னும் கெதியாக. இறக்கத்தில் சூடேற அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், பிறகு எவ்வளவு மிதித்தும் பயனில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் முழுதாக மாற்றவேண்டும், நிறம் கறுத்தால் அதற்கு முதலே.

"ஊருக்குப் போய் மாத்திறன்" என்றார் இராசநாயகம். ஊருக்கு வந்தால் தெரு சமதரை, பெடல் கல்லு மாதிரி. உள்ளூர்க் கராஜில் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் இருபத்திரண்டு வருடப் பெயர் காற்றில் போய்விடும். மாற்றாமலே ஒரு வருடம் ஓட்டினார். அது பிழை என்று அவருக்கும் தெரியும்.

இந்த ஆவணிக்கும் நுவரெலியா போக ரீச்சர் அவரையே கேட்டார். இனி ஒளிக்க இடமில்லை. வானின் பிறேக் ஒயில் தொட்டி மூடியில் எழுதியிருந்த அதே வகையில், சீல் உடையாத போத்தல் இரண்டு வாங்கி வந்தார். ஆனால் இது தனி ஆளால் ஆகிற வேலையல்ல. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழே கிடந்து, சில்லில் ஒயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். வீட்டில் இருந்த மற்றவர் மனைவி பராசக்தி.

"நான் பூட்ட முன்னம் காலை எடுத்தியோ, காத்து உள்ளுக்குப் போயிடும். பிறகு முதலிலையிருந்து செய்யோணும்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுக் கீழே படுத்தார். மேலே தொட்டியிலிருந்த பழசைச் சிறிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதுசை விட்டாயிற்று. தொட்டிக்கு ஆகத் தூரத்துச் சில்லான பின் இடதிலிருந்து தொடங்கினார். அவர் கீழேயிருந்து சொல்லச் சொல்ல அவள் மிதிக்க, நிப்பிளில் மாட்டிய குழாயால் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் ஒயில் வடிந்தது. அமத்து, பிடி, விடு. அமத்து, பிடி, விடு. மூன்றாவது சில்லில் நிப்பிள் திறந்திருக்கிற நேரம் பார்த்து மேலேயிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு வருசமா மாத்தாததை இப்ப ஏன் மாத்திறியள்?"

"சும்மாதான்."

"சொல்லுறியளோ, காலை எடுக்கட்டோ?"

மனுசி பிடித்த பிடி அப்படி. வானுக்கடியில் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பெடலிலிருந்த கால் அசையவில்லை.

"ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வான் வெளிக்கிடோணும்" என்றாள் பராசக்தி கடைசியில்.

"சொன்னால் வேறை வான் பிடிப்பினம், சத்தி."

"பிடிக்கட்டும். இப்ப நிப்பிளைப் பூட்டுங்கோ, கால் உளையுது."

நாலாவது சில்லிலும் குமிழி இல்லாமல் தெளிந்த ஒயில் வரும்வரை அமத்து, பிடி, விடுதான்.

பின்னேரம் இராசநாயகம் ரீச்சர் வீட்டு வாசலில் நின்று சொன்னார். ஒரு சொல் மறைக்கவில்லை. ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். போச்சு, பெயரும் போச்சு, ஓட்டமும் போச்சு என்று இராசநாயகம் நினைத்தார்.

"இப்ப மாத்திப்போட்டீரோ?"

"நாலு சில்லும் செய்தாச்சு, ரீச்சர்."

"ஆர் பெடல் மிதிச்சது?"

"மனுசி."

"அப்ப அவவையும் கூட்டிக்கொண்டு வாரும்." ரீச்சர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "அண்டைக்கு நாங்கள் அருவிக்குத்தான் நன்றி சொல்லிப் பாடினனாங்கள். தப்பினதுக்கு ஒருத்தரும் பாடேல்லை. வரேக்கை அதிலை நிப்பாட்டும். பிறேக் நல்லாப் பிடிச்சாலும் நிப்பாட்டும்."

நிறுத்தினார். அதே இறக்கத்தில், அதே அருவிக்கு எதிரே, பெடல் அரைவாசியிலேயே இறுகிப் பிடித்தது. ரீச்சர் எல்லோருக்கும் விசயத்தைச் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடங்கினார். பதின்மூன்று பேரும் பின்னால் நின்ற வான்காரரைத் திரும்பிப் பார்த்தபடி பாடினார்கள். ஒருவர் முகத்திலும் கோபமில்லை. சிவன் கோயில் தேவாரம் மட்டுமே தெரிந்த இராசநாயகம், கடைசி வரிசையில் பராசக்திக்குப் பக்கத்தில் நின்று, சொல் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தார். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.