மண்டபத்துக்குள் ஒரு காட்டுப்பாதை

லண்டன் வெம்பிளியில், எங்கள் தமிழ் மண்டபத்தில் தன் வாழ்க்கையைச் சொல்ல வந்தவர், கிழக்கிலங்கைக் காட்டோரத்து வேடர் முதியவர். நாங்கள் போட்ட கதிரையில் அவர் இருக்கவேயில்லை. "வந்த வழியத் திரும்ப நடந்தாத்தான் எனக்குக் கதை வரும்" என்று, கைகளைப் பின்னால் கட்டியபடி எங்களைச் சுற்றி நடந்தார். மேடையருகே, யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடியதைச் சொன்னார். சமையலறைக் கதவடியில், திரும்பிவந்து சோளம் விதைத்ததைச் சொன்னார். இடையில், என் கதிரைக்குப் பக்கத்தில் மட்டும் வாய்மூடி, விலகிப் போனார்.

தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன். "ஏன் ஐயா, அதில மட்டும் ஒண்டும் சொல்லேல்லை?"

"அதிலதான் மகன், ஓடக்குள்ள என்ட பொஞ்சாதியப் புதைச்சன்."

கலியாணங்களுக்கு அந்த மண்டபத்துக்கு இன்னும் போகிறேன். அந்த இடத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது எழுந்துபோய் விலக்கத் தோன்றுகிறது. என்ன சொல்லி விலக்குவது?