ஊர் சேர்ப்பு நிதி

சங்ககிரி லாரி டிரைவர்கள் சாவுக்குப் பெரிதாகப் பயப்படுவதில்லை. பேர் தெரியாத ஊரில், பாஷை தெரியாத பிணவறையில், கேட்க நாதியில்லாமல் கிடந்துவிடுவோமோ என்பதற்குத்தான் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்காக ஏற்பட்டதுதான் ஊர் சேர்ப்பு நிதி. லோடு ஏற்றும் ஒவ்வொரு வண்டிக்காரரும் புக்கிங் ஆபீஸ் உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டுக் கிளம்புவார். முதலாளிகளும் வருஷா வருஷம் கொடுப்பார்கள். வெளிமாநிலத்தில் எந்த டிரைவர் இறந்தாலும், குளிர்பெட்டி வைத்த நிதி வண்டி போய் உடலைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கும். நல்ல காரியம்தான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

அந்த வண்டியோடு போகிறவர் கைலாசம். அவரும் லாரி ஓட்டியவர்தான். ஒரு விபத்தில் வலது முழங்கால் மடங்காமல் போனதும், நிதிக்காரர்கள் பரிதாபப்பட்டுக் கொடுத்த வேலை இது. காலையில் அவர் எதிரே வந்தால் சில பேர் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அவர்கள் வீட்டுச் சாவுக்கும் நாளைக்கு அவர்தானே வரவேண்டும் என்று கைலாசம் சிரித்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாண்டுகிற ஊர்களை உள்ளே இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே வருவார்.

"கிருஷ்ணகிரி தாண்டியாச்சு சாமி. தொப்பூர் எறக்கம் வருது, மெதுவாத்தான் போறான். ஊடு வந்துரும்."

வண்டி ஓட்டும் கோகுல்ராஜ் முதலில் இதைக் கேட்டு மிரண்டான். பிறகு அந்தக் குரல் கேட்காவிட்டால் அவனுக்குக் கண் சொக்க ஆரம்பித்தது.

போன ஐப்பசியில், லோடு கொண்டுபோன டிரைவர் தீனதயாளன் நாக்பூரிலிருந்து போன் செய்தான். உடம்பின் இடது பக்கம் விழுந்துவிட்டது. லாரியை வேறொரு டிரைவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில், படுக்க வைத்து ஊருக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"இங்க ஒருத்தருக்கும் நம்ம பேச்சு புரியலீங்ணா," என்றான் குழறலாக. "நம்ம வண்டியக் கொண்டாந்து கூட்டிட்டுப் போயிருங்க."

கைலாசம் நிதித் தலைவர் வெங்கடாசலத்திடம் ஓடினார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "பெட்டிய எறக்கிட்டுக் கட்டிலப் போட்டுக்க. பாத்துக்கலாம்," என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் என்று கைலாசம் நினைத்தது அவருடைய கெட்ட நேரம். தீனதயாளனின் மனைவி தமிழ்ச்செல்வி ரயிலுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். "நீ எதுக்குமா பாஷ தெரியாத ஊருல அலையற? நான் பத்தரமாக் கூட்டியாறேன்," என்று அவளை நிறுத்தினார். தீனதயாளனுக்கும் போன் போட்டு, "கெளம்பிட்டேன் சாமி," என்றார்.

சாயங்காலம் கமிட்டி கூடியது. சட்டதிட்டத்தில் இறந்தவர் உடல் என்றுதான் எழுதியிருக்கிறது என்றார் ஒருவர். வழியில் உயிர் போனால் போலீஸ் கேஸ் யார் மேல் வரும் என்றார் இன்னொருவர். வெங்கடாசலம் தலையைச் சொறிந்தார். "இவனுக்கு வண்டிய அனுப்பீட்டு, நாளைக்கு ஒருத்தன் செத்தா அவன் பொண்டாட்டிக்கு என்ன சொல்றது கைலாசம்? பொதுக்குழுவுல வெச்சுப் பேசுவோம்." யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாள் காலை போன் அடித்தது. "எங்கீங்ணா வந்துட்டிருக்கீங்க?"

கைலாசம் சங்ககிரி லாரி ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார். கண்ணெதிரே நிதி வண்டி கிளம்பாமல் நின்றது. வாய் தானாக, "அனந்தப்பூர்," என்றது.

எப்படியாவது இன்றைக்குள் சம்மதம் வாங்கிவிடலாம், ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ப் பிடித்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் பொய் சொன்னது ஒரு டிரைவரிடம். அந்த ரோட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிறவன் அவன். எந்த ஊர் என்றால் இன்னும் எவ்வளவு நேரம் என்று உடனே கணக்குப் போட்டுவிடுவான். ஆகவே கைலாசம் வீடு வீடாகப் போய்க் கமிட்டிக்காரர்களைக் கெஞ்ச, போனில் வண்டியும் போய்க்கொண்டே இருந்தது. கர்னூல் தாண்டியது. ஐதராபாத்தில் டயர் வெடித்தது. நிர்மலில் மழை பிடித்துக்கொண்டது.

"அவசரப்படாதீங்ணா," என்று ஆறுதல் சொன்னான் தீனதயாளன். "ஆதிலாபாத் தாண்டி ஒரு தாபாவுல நம்மூருச் சோறு கெடைக்கும். சாப்புட்டுட்டே வாங்க."

தமிழ்ச்செல்வி ஆபீஸ் வாசலுக்கு வந்து கேட்கும்போதெல்லாம், "நாளைக்குக் கண்டிப்பாப் போயிருவேன்மா," என்றார். தன் குழறலைக் கேட்டால் அழுவாள் என்று தீனதயாளன் அவளோடு போனில் பேசுவதில்லை; அவளும் கைலாசத்தை நம்பினாள். நிதி வண்டியில் போகிற மனுஷர் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்?

ஆதிலாபாத்தும் தாண்டிவிட்டது. அடுத்தது நாக்பூர்தான்; அதற்குமேல் சொல்ல ரோடு இல்லை. அன்று விடிந்ததும் கைலாசம் ஆபீஸ் ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். கோகுல்ராஜை எழுப்பினால் வருவான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மடங்காத காலுக்கு இனி எவன் வேலை கொடுப்பான் என்று தோன்றியது. சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டு, போனையும் அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து தலைவருக்கே செய்தி வந்தது. அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. வெங்கடாசலமே பெட்ரோல் பங்க்குக்கு வந்து டீசல் போட்டார், மாலை வாங்கிக் கொடுத்தார். யாரும் சட்டதிட்டம் பேசவில்லை. எந்த ஊரிலும் டயர் வெடிக்கவில்லை, மழையும் இல்லை.

நாக்பூரில் நர்ஸ் அவன் பையைக் கொடுத்தாள். துணியெல்லாம் மடித்து, கட்டி, தயாராக இருந்தது. முகம் மழித்துவிடச் சொல்லிச் சைகை காட்டினானாம். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழப் பார்த்தானாம். கைலாசத்துக்கு அரைகுறை இந்தி தெரியும். தெரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் உடலை இறக்கியபோது தமிழ்ச்செல்வி அவரைத் திட்டவில்லை. "நான் அன்னிக்கே ரயிலேறியிருந்தா பக்கத்துல இருந்திருப்பேனுங்க," என்று மட்டும் சொன்னாள்.

கைலாசம் இப்போதும் அந்த வண்டியில்தான் போகிறார். பொதுக்குழு இன்னும் கூடவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார், ஆனால் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் ஒரு டிரைவரின் உடலோடு வரும்போது கோகுல்ராஜுக்குக் கண் இழுத்தது.

"ஏனுங்ணா, முன்ன மாதிரி ஊரு பேரச் சொல்லிட்டு வாங்களேன்."

"வேண்டாம் சாமி," என்றார் கைலாசம். "நாஞ் சொன்னா நம்பிக்குவாங்க."