கூட யார் வந்திருக்கிறார்?

ஓடெல் ப்ளெட்சோவின் பழைய வண்டி அறியாத வளைவு அந்த நெடுஞ்சாலையில் இல்லை. ஊர் ஆஸ்பத்திரியை இழுத்து மூடிய பிறகு, தேவாலயச் சபையில் யாருக்கு நோய் கண்டாலும் பருத்தி வயல்களைக் கடந்து மாண்ட்கமரி நகர ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றவர் அவரே. சிறுநீரகம் பழுதானவர்களும் கண்ணில் திரை விழுந்தவர்களும் அந்த வண்டியில் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். காத்திருப்பு அறையில் அவர் தொப்பியை முழங்கால்மேல் வைத்து அமர்ந்திருப்பார். மாலையில் அவரவரை அவரவர் வாசலில் இறக்கிவிட்டு, மனைவி எர்னஸ்டீன் இறந்தபின் விளக்குப் போட ஆளற்ற தம் வீட்டுக்குத் திரும்புவார்.

காகித ஆலையில் அவரோடு நெடுங்காலம் ஒரே இயந்திரத்தில் நின்ற வெள்ளைக்காரர் வேட் டில்லரி. பெட்ரோல் நிலையத்தில் கண்டபோது, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை மறுபடியும் வந்துவிட்டதென்று வேட் அலுத்துக்கொண்டார். முதல் சோதனையிலேயே ஒரு கட்டியை முளையிலே கிள்ளிவிட்டார்களாம்.

"உனக்கு எத்தன தடவ ஆச்சு, ஓடெல்?"

"ஒரு தடவகூட இல்ல."

"அம்பது வயசுலயே டாக்டர் சொல்லியிருப்பாரே?"

"உப்பக் கொறைன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

வேட் தம் காலடியைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே ஆலை, ஒரே காப்பீடு, ஒரே மருத்துவர். தோலின் நிறம் ஒன்றே வேறு. ஓடெலின் தம்பி ஹார்லனும் அதே மருத்துவரிடம்தான் போய்வந்தான். குடலில் புற்று என்று தெரிந்தபோது அது ஈரலைத் தொட்டிருந்தது. அந்தக் கோடை முடியுமுன் அவனை மண் கொண்டது.

அந்த மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த இளம் பெண் மருத்துவர், தம்பியின் கதையைக் கேட்டதும் சோதனைக்கு நாள் குறித்தார். மயக்க மருந்து கொடுப்பதால் ஒருவர் கூட வந்து, முடியும்வரை இருந்து, வீட்டுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது விதி.

ஓடெல் சபையின் முகங்களை மனத்துக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். எல்லாரும் அவர் ஏற்றிச் சென்றவர்கள். ஓட்டத் தெரிந்தவருக்குப் பார்வை இல்லை; பார்வை உள்ளவருக்கு வண்டி இல்லை. இளையோர் வடக்கே போய்விட்டனர். டெட்ராய்ட்டில் இருக்கும் மகளை அழைத்து, மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்தார். வேட்டிடம் கேட்கலாமென்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஆலைக்கு வெளியே அவ்விருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கால்வைத்ததில்லை.

ஆகவே பட்டினி கிடந்து, குடலைக் கழுவும் மருந்தைக் குடித்து, தனியே போனார். வரவேற்பு மேசையிலிருந்த நர்ஸ் லட்ரீஸ் அவரைக் கண்டு சிரித்தாள்.

"இன்னிக்கு யாரக் கூட்டிட்டு வந்தீங்க, மிஸ்டர் ப்ளெட்சோ?"

"என்னையேதாம்மா."

"அப்போ உங்க கூட யாரு?"

"தம்பி வண்டிய நிறுத்திட்டு வர்றான்."

பொய் பழகாத நாவு, இறந்தவனைத் துணைக்கு அழைத்துவிட்டது. அவள் கதவைப் பார்த்திருந்தாள், அவரும் பார்த்திருந்தார். திறந்த போதெல்லாம் வேறு யாரோ வந்தார்கள். முடிவில் அவள் தாழ்ந்த குரலில், விதியை மீற முடியாது என்று சொல்லி, அடுத்த செவ்வாய்க்கு நாளை மாற்றித் தந்தாள். வெறும் வயிற்றோடு அவர் தாமே ஓட்டித் திரும்பினார்.

ஞாயிறன்று, போதகர் ஜெபக் குறிப்புகளைக் கேட்கும் வேளையில், ஓடெல் எழுந்தார். பிறருக்காகவே எழுந்து பழகியவர் அவர். யாருக்காக என்று சபை காத்திருந்தது.

"எனக்காகத்தான். குடல் டெஸ்ட்டுக்குப் போகணும். கூட வர ஆளில்ல."

விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவர் வண்டியில் டயாலிசிஸுக்குப் போய்வரும் சிஸ்டர் வெர்லீன் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில், ஊரின் சவ அடக்க நிலையத்தை நடத்தும் கிளியோஃபஸ் கெயின்ஸ் தொண்டையைச் செருமினார்.

"செவ்வாய்க்குள்ள யாரும் சாகலேன்னா நான் வர்றேன், பிரதர். உம்ம தம்பியப் படுக்க வச்சுக் கொண்டுபோனேன். உம்மையாவது உக்கார வச்சுக் கொண்டுபோறேன்."

சிலர் சிரித்தார்கள். ஓடெல் தலையசைத்து அமர்ந்தார்.

திங்களன்று மீண்டும் பட்டினி, மீண்டும் அந்த மருந்து. தொலைபேசி மணி கேட்ட போதெல்லாம் யாரேனும் இறந்துவிட்டார்களோ என்று அஞ்சினார். தமக்காக அஞ்சியதற்கு ஆண்டவரிடம் மன்னிப்பும் வேண்டினார்.

செவ்வாய்க் காலை நீண்ட கறுப்பு அமரர் ஊர்தி அவர் வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். ஓடெல் அவளுக்குத் தொப்பியை உயர்த்திக் காட்டி, முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

பருத்தி வயல்கள் வந்து வந்து பின்னே போயின. வளைவுகளில் ஓடெலின் கைகள் தாமே எழுந்து, பற்ற ஒன்றுமின்றி, மடியில் விழுந்தன.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று லட்ரீஸ் கேட்டாள்.

"இவரு."

உள்ளே போகுமுன் ஓடெல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் வழக்கமாக அமரும் நாற்காலியில் கெயின்ஸ், கறுப்புத் தொப்பியை முழங்கால்மேல் வைத்து அமர்ந்திருந்தார்.