ஒன்பது மீற்றரில் இரண்டு மாப்பிள்ளைகள்

பாலைவனத்தைப் பற்றிய என் அறிவு யாழ்ப்பாணத்து வடமராட்சி மணற்காட்டோடு முடிந்துவிடும். ஆனாலும் போன வசந்த காலத்தில் பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ராஜஸ்தானுக்கு விழா எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் சேலைக்கடையில் நிற்பவன். கலியாணங்களில் மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்டுவது என் உபதொழில். செவ்ரான் முதல் எபினே வரை புறநகரெங்கும் என் கையால் கட்டிக்கொண்டவர்களில் தாலி கட்டாமல் திரும்பியவர் எவருமில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

பக்கத்து வளையல் கடைக்காரர் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர்க்காரர். அந்த ஞாயிறு காலை, அலையலையாகச் சிவப்பும் மஞ்சளும் ஓடிய துணியை அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஒன்பது மீற்றர். பின்தெருவில் உள்ள மண்டபத்தில் அவருடைய ஆட்களின் விழா. ஊரிலிருந்து முதன்முறையாக வந்திருக்கும் அப்பா மதியம் அங்கே வருகிறார். இவரோ, தானே தலைப்பாகை கட்டுவதாக வருடக்கணக்காகத் தொலைபேசியில் அப்பாவிடம் புளுகிக்கொண்டு, தைத்து வைத்த ஒன்றைத் தொப்பி போலக் கவிழ்த்துவந்தவர். அவர்கள் நாட்டில் தலைப்பாகைக் கட்டைப் பார்த்தே ஆளின் ஊரைச் சொல்லிவிடுவார்களாம். தைத்ததை அப்பா தெருமுனையிலேயே பிடித்துவிடுவார். கட்டித் தருவதாகச் சொன்னவரோ ரயில் நின்றுபோய் எங்கோ மாட்டிக்கொண்டார். பிரெஞ்சில் இதைச் சொல்லிக்கொண்டே துணியை என் கையில் திணித்தார்.

அவர் முடிப்பதற்குள் நான் சம்மதித்துவிட்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகும்.

“உனக்கு மாப்பிளைக் கட்டு மட்டும்தானே தெரியும்?” என்றார் முதலாளி.

“தலை தலைதானே அண்ணை.”

மண்டபத்துக்குள் போனதும் வந்த வேலை மறந்துபோனது. சுவர் நிறையப் படங்கள். இஸ்திரி போட்ட பட்டுச்சேலையின் கொசுவம் போல மணல் மேடுகள். வெயிலில் சர்க்கரைக்கட்டியின் பொன்னிறத்தில் மின்னும் கோட்டை. அதற்குள் இன்னும் சனங்கள் குடியிருந்து, மதிலில் உடுப்புக் காயப்போடுகிறார்களாம். நிலத்துக்குள் படிப்படியாக இறங்கும் கிணறு ஒன்று, அரண்மனையைத் தலைகீழாகப் புதைத்தது போல. தண்ணீர் அள்ளுவதற்கு இவ்வளவு அலங்காரமா! மேளம் அதிர, கண்ணாடி பதித்த பாவாடைகள் குடையாய் விரிந்து சுழன்றன. என் கால்கள் தாமாகவே தாளம் போட்டன.

அந்த உற்சாகத்தில் கட்டினேன். இறுக்கமாக, மடிப்பு மடிப்பாக, நெற்றிக்கு மேலே விசிறி வைத்து. மாப்பிள்ளைக்கு அதில் பாதித் துணி போதும். மீதியையும் சுற்றியதில் தலை பலாப்பழமானது. கண்ணாடியில் பார்த்தால் ஜெய்சல்மேரைக் காணவில்லை. நல்லூரில் தாலி கட்டப் போகும் ஒருவர் நின்றார்.

அவிழ்ப்போம் என்று கை வைக்கிறேன், அப்பா வந்துவிட்டார். நெடிய மனிதர். பெரிய மீசை. தலையில் கம்பளித் தொப்பி, கக்கத்தில் வட்டமான தகரப் பெட்டி. மகனின் தலையை ஒருமுறை சுற்றி வந்தார். மகன் தலைகுனிந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர்கள் மொழி எனக்குப் புரியாது. ஆனால் புளுகை ஒப்புக்கொள்கிற முகம் எனக்குப் பழக்கமானது, வீட்டில் நானே வைத்திருக்கிறேன்.

அப்பா பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டி வைத்த தலைப்பாகை ஒன்று, விமானப் பயணத்தில் ஒரு பக்கம் நசுங்கித் தோசையாகிக் கிடந்தது. தோள் வலியால் அவரும் கட்டுவதை விட்டுப் பல வருடமாம். ஊரில் மருமகன்தான் கட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பானாம். மகனுக்கு எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்கத் தொப்பியைக் கழற்றாமலே இருந்திருக்கிறார்.

பிறகு என்னைக் காட்டி ஏதோ சொன்னார். மகன் சிரிப்பும் கண்ணீருமாக மொழிபெயர்த்தார்: “என் தலைக்கும் இவருக்கு நேரம் இருக்குமா என்று கேட்கிறார்.”

பலாப்பழத்தை அவிழ்த்து, ஒன்பது மீற்றரை இரண்டாக வெட்டி இருவருக்கும் கட்டினேன். இது எந்த ஊர்க் கட்டு என்று மகன் வழியாக விசாரித்தார். யாழ்ப்பாணம் என்றேன். அங்கே பாலைவனம் உண்டா என்றார். உண்டு என்று மணற்காட்டை எடுத்துவிட்டேன். கடக்க எத்தனை நாளாகும் என்றார்.

“அரை மணித்தியாலம். பிறகு கடல்.”

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கட்டு அசையவில்லை.

விழாவில் முன்வரிசையில் இரண்டு யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஆருக்கப்பா கலியாணம்? பொம்பிளை எங்கை?”

ஊர் திரும்பும் நாளில் அப்பா கடைக்கு வந்து, அதே கட்டை மறுபடி கட்டச் சொன்னார். அது தகரப் பெட்டிக்குள் அடங்கவில்லை. தலையில் வைத்தபடியே விமான நிலையம் போனார். சோதனையில் அவிழ்க்கச் சொல்லிவிடக் கூடாதே என்று அன்று முழுக்க நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டேன்.